முப்பத்தொன்றாம் நம்பர் வரிசை

ஒன்பது பேரின் முதுகிலும் ஒரே பெயர், ஒரே நம்பர். முப்பத்தொன்று. மைதானத்தின் மூன்றாம் வாசலில் அவர்கள் வந்து நின்றபோது, டிக்கெட் கிழிப்பவர் முன்னால் ஒரு தடவை பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "யாருங்க இந்த முப்பத்தொண்ணு?" என்று கேட்டார்.

"எங்க பையன்," என்றாள் அம்மா. பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவள்; முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "மூணாவது கோல்கீப்பர். மூணு வருஷமா இங்கதான் இருக்கான்."

டிக்கெட் கிழிப்பவர் தெரிந்ததுபோல் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியவில்லை என்பது ஒன்பது பேருக்கும் தெரிந்தது. மூன்றாவது கோல்கீப்பரை யாருக்குத் தெரியும்? முதல் கோல்கீப்பருக்குக் கை முறிந்து, இரண்டாவது கோல்கீப்பருக்குக் காய்ச்சலும் வந்தால்தான் அவன் களத்தில் இறங்க முடியும். அம்மா நல்ல மனசுக்காரி, யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டாள். "கை காலெல்லாம் ஒண்ணும் ஆக வேணாம். ரெண்டு பேருக்கும் ஒரே சமயத்துல லேசா ஜலதோஷம் வந்தாப் போதும்" என்பாள். மூன்று வருஷத்தில் அந்த ஜலதோஷம் வரவேயில்லை.

அந்த ஒன்பது சட்டைகளையும் அடித்தவள் அந்தப் பையனின் அக்கா. விளையாட்டுச் சட்டைகளுக்குப் பெயரும் நம்பரும் அடித்துக்கொடுக்கும் கடையில் அவளுக்குப் பதினோரு வருட வேலை. கிளப்பின் சட்டைகள் மொத்தமும் அந்தக் கடைக்குத்தான் வரும். அடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எழுத்தை மெஷின் வெட்டித் தந்துவிடும். வேண்டாத துணுக்குகளை ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். சட்டையைச் சூட்டுப் பலகைமேல் சுருக்கமில்லாமல் விரித்து, எழுத்தை வைத்து, மேலே பட்டர் பேப்பர் போட்டுக் கைப்பிடியை இறக்கினால் பதினைந்து விநாடி. ஆறியதும் மேல்தாளை உரித்தால் வேலை முடிந்தது.

நேற்று சாயங்காலம் ஆறு மணிக்குப் பத்தாவதாக ஒரு முப்பத்தொன்றும் அடித்தாள். அதில் தம்பியின் பெயர் இல்லை.

முதலாளிதான் சீட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். "கிளப்புல இருந்து அவசரம். நாளைக்கு மேடையில திறக்கறாங்களாம். புதுசா ஒரு கோல்கீப்பர் வர்றானாம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க." சொல்லிவிட்டு, வெளியே யாரோ தன்னைக் கூப்பிட்டதுபோல் கிளம்பிப் போனார். யாரும் கூப்பிடவில்லை.

ஒரு அணியில் ஒரு நம்பர் ஒருவனுக்குத்தான். நம்பர் கைமாறினால் பழைய ஆளுக்குச் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம். இது அந்தக் கடையில் தரை கூட்டுகிறவருக்குக்கூடத் தெரியும். அக்கா சீட்டை இரண்டு தடவை படித்தாள். அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வரவில்லை. கோபம் வரும் என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போயிருந்தது. கை மட்டும் தன் வேலையைச் செய்தது. எட்டு எழுத்துள்ள ஒரு பெயர், கீழே மூன்று, ஒன்று. தாளை உரித்து, சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்து, கையைக் கழுவிக்கொண்டு, வழியில் பாலும் மகளுக்கு ஒரு பென்சிலும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

எட்டு மணிக்குத் தம்பி போன் செய்தான். "அக்கா, நாளைக்கு எத்தனை பேர் வர்றீங்க?"

"ஒம்பது பேர்."

"ஒம்பது பேருமா?" அவன் சிரித்தான். "சரி, வாங்க. அப்புறம் இன்னொண்ணு. அடுத்த வருஷ ஒப்பந்தத்தைப் பத்தி விழா முடிஞ்சதும் பேசலாம்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. நல்ல சேதியாத்தான் இருக்கும்னு தோணுது."

"ம்," என்றாள் அக்கா.

அந்த ஒரு 'ம்'மோடு போனை வைத்துவிட்டாள். கிளப்பில் அவனுக்கு இன்னும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. திரும்பக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். காலையில் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. நேரில் சொன்னால்தான் முறை என்று தனக்குத்தானே நியாயமும் கற்பித்துக்கொண்டாள். சோம்பேறி மனசுக்கு நியாயம் கிடைப்பதா கஷ்டம்?

காலையில் உள்ளே போன பிறகுதான் நேரில் சொல்வது எவ்வளவு பாடு என்று தெரிந்தது. புல்தரைமேல் பலகை பரப்பி, ஓரக்கோட்டை ஒட்டி இருபத்தாறு மேஜைகள் போட்டிருந்தார்கள். மேஜைக்கு ஒரு ஆட்டக்காரர். ஒவ்வொரு மேஜைக்கும் கயிறு கட்டி ஒரு வரிசை. ஆட்டக்காரர்களின் போன்களைக் காலையிலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்களாம், ரசிகர்களைப் பார்க்காமல் போனைப் பார்க்கிறார்கள் என்று போன வருஷம் புகார் வந்ததால். ஆகவே, தம்பியிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் எல்லாரையும்போல வரிசையில் போய்த்தான் பேச வேண்டும். ஆளுக்கு இருபது விநாடி.

போன வருஷ ரசிகர் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தம்பி நாள் முழுக்க ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக உட்கார்ந்திருந்தான். பக்கத்து மேஜையில் முன்கள நட்சத்திரத்துக்கு வாசல்வரை கூட்டம். மறுநாள் பத்திரிகையில் அந்தக் கூட்டத்தின் படம் வந்தது. படத்தின் ஓரத்தில் காலி மேஜையும் தம்பியும். அப்பா அந்தப் பக்கத்தை நான்காக மடித்து எங்கேயோ வைத்துவிட்டார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை.

அதனால் இந்த வருஷம் கிளட்ச் மாமா ஒரு திட்டம் போட்டிருந்தார். அம்மாவின் தம்பி அவர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். "கிளட்ச், கிளட்ச்" என்று நாள் பூராவும் கத்தியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. வாசலைத் தாண்டியதும் எல்லாரையும் ஓரமாகக் கூட்டி நிறுத்தினார்.

"எல்லாரும் ஒண்ணாப் போய் நின்னா குடும்பம்னு தெரிஞ்சுபோயிடும். நாலு பேருக்கு ஒரு ஆளா இடம் விட்டு நிக்கணும். கையெழுத்து வாங்கினதும் அந்தப் பக்கமா வெளிய வந்து, திரும்பவும் கடைசியில சேர்ந்துக்கணும். ரவுண்டு அடிச்சிக்கிட்டே இருக்கணும். ஒவ்வொரு ரவுண்டுக்கும் ஆள் கொஞ்சம் மாறணும். தொப்பி, கண்ணாடி, ஏதாவது."

"என்கிட்ட ஒரு மஞ்சள் சால்வை இருக்கு," என்றாள் மாமி, மும்முரமாக.

மாமாவின் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். அக்காவின் கணவர் கண்ணாடிக் கடையில் வேலை செய்பவர். கைப்பையில் நாலு வெயில் கண்ணாடி கொண்டுவந்திருந்தார். அப்பா மட்டும், "எனக்கு வேஷம் எல்லாம் வேணாம். நான் கையெழுத்து வாங்கத்தான் போறேன்," என்றார். அவர் முப்பத்து நாலு வருஷம் வீடு வீடாக ஏறித் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். நடப்பதற்கும் காத்திருப்பதற்கும் அலுத்துக்கொள்கிற ஆள் இல்லை.

அப்போதுதான் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மேஜைக்கு மேஜை ஆட்களை எண்ணப் போகிறார்களாம். மூன்றரை மணிவரைக்கும் யாரிடம் அதிகம் பேர் கையெழுத்து வாங்குகிறார்களோ, அந்த ஆட்டக்காரர்தான் நாலு மணிக்கு மேடையேறி, புதிதாக அணியில் சேரும் வீரருக்குச் சட்டை கொடுத்து வரவேற்பாராம்.

கிளட்ச் மாமாவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. "கேட்டீங்களா? நம்ம பையனை மேடை ஏத்திடலாம்."

"நட்சத்திரம் இருக்கறப்ப நம்மளா ஜெயிப்போம்?" என்றாள் மாமி.

"அவன் ஆளுக்கு மூணு போட்டோ எடுக்கறான். வரிசை நகரவே நகராது. எண்ணறது வரிசையோட நீளத்தை இல்ல, ஆளை. வேகமா நகர்ற வரிசைதான் ஜெயிக்கும்." இதைச் சொன்னபோது மாமா தன் பள்ளியில் பலகைமுன் நிற்கும் வாத்தியார்போலவே இருந்தார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். பெட்டிக்குள் என்ன சட்டை என்று அந்த மைதானத்தில் தெரிந்த நாலைந்து பேரில் அவள் ஒருத்தி. இவர்கள் அடிக்கப்போகும் ஒவ்வொரு ரவுண்டும் தம்பியை அந்தப் பெட்டியின் பக்கமாகத் தள்ளப்போகிறது என்பதும் தெரிந்தது. "மாமா, வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும். முதலில் அவனிடம்தான் சொல்ல வேண்டும், மற்றவர்களுக்கு அப்புறம் என்று நினைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.

முதல் சுற்றில் அவளுக்கு முன்னால் அம்மா நின்றாள். நாலு பேர் இடம்விட்டு நிற்பதெல்லாம் அம்மாவிடம் நடக்கிற காரியமா? தம்பி அவர்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டான். பளபளவென்று சவரம் செய்து, தலையைப் படிய வாரியிருந்தான்.

"உட்காருடா. எங்களைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத," என்று அம்மா ரகசியம் சொன்னாள். அந்த ரகசியம் இரண்டு மேஜை தள்ளிக் கேட்டது. "சாப்பிட்டியா? வெயில்ல உட்கார வெச்சிருக்காங்களே, பாவிங்க. தண்ணி குடிச்சியா?"

இருபது விநாடியும் அம்மாவுக்கே போயிற்று. அக்கா சட்டையின் கைப்பக்கத்தை நீட்டினாள். அவன் கையெழுத்திட்டான். பக்கத்தில் நின்ற தொண்டர், கையிலிருந்த எண்ணும் மெஷினை 'டிக்' என்று அமுக்கினார். அவள் நகர்ந்தாள். ரேஷன் வரிசையிலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வருகிற மாதிரிதான் இருந்தது.

ஒரு மணி நேரம் போனது. மற்றவர்கள் சுற்றிச் சுற்றி வர, அக்கா மட்டும் ஓரமாகவே நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் ஒரு விசித்திரமான பிராணி. ஒரு இடத்தில் பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் எதற்கென்று கேட்காமலே போய் நிற்பான். முப்பத்தொன்றாம் நம்பர் மேஜைக்கு முன்னால் எட்டுப் பேர் விடாமல் சுற்றுவதைப் பார்த்து, சம்பந்தமே இல்லாதவர்கள் சேர ஆரம்பித்தார்கள். யாரோ ஒருவர் கிளட்ச் மாமாவிடமே, "யாருங்க இவரு? பெரிய ஆளா?" என்று கேட்டார்.

"என்ன இப்படிக் கேட்டுட்டீங்க," என்றார் மாமா, கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. "அடுத்த வருஷம் இவரு பக்கத்துல நிக்க முடியாது."

அக்கா அதைக் கேட்டாள். மாமா நினைக்கிற அர்த்தத்தில் இல்லாவிட்டாலும் அது உண்மைதான் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

மாமி மஞ்சள் சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டாள், தோளில் போட்டுக்கொண்டாள், இடுப்பில் கட்டிக்கொண்டாள். அக்காவின் ஆறு வயது மகள் தன் தகப்பனின் தோளில் ஏறி ஒரு தடவை, இறங்கி ஒரு தடவை போனாள். அப்பா எந்த வேஷமும் போடாமல், ஒவ்வொரு தடவையும் அதே நடையில் வந்து, அதே சட்டையைக் காட்டி, "இங்க போடுப்பா" என்பார். தம்பி போடுவான். அப்பா "தேங்க்ஸ் சார்" என்பார். தம்பிக்குச் சிரிப்பை அடக்க முடியாது. மதியத்துக்குள் அவர் சட்டையின் முன்பக்கத்தில் எட்டுக் கையெழுத்து ஆகிவிட்டது.

இரண்டாம் சுற்றில் அக்காவுக்கு முன்னால் ஆள் இல்லை. பின்னால் நின்றவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். தொண்டர் தண்ணீர் குடிக்கத் திரும்பியிருந்தார். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. அவள் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

"தம்பி."

"அக்கா, பார்த்தியா?" அவன் பேனாவால் அவள் பின்னால் காட்டினான். "மாமா வேலைன்னு எனக்குத் தெரியும். ஆனா அதுல பாதிப் பேரு நம்ம ஆளுங்க இல்ல. நிஜமாவே வந்திருக்காங்க. ஒரு பொண்ணு எங்கிட்ட, பெனால்ட்டிக்கு எந்தப் பக்கம் பாயணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்கன்னு கேட்டுச்சு. என்கிட்ட, அக்கா."

"என்ன சொன்ன?"

"அடிக்கறவனோட ஊன்றுகாலைப் பார்ப்பேன்னு சொன்னேன். எழுதிக்கிச்சு."

மூன்று வருஷத்தில் அவன் முகத்தில் இப்படி ஒரு வெளிச்சத்தை அவள் பார்த்ததில்லை. அதைப் பார்த்தும் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. இப்போது சொன்னால் அந்த முகம் போய்விடும் என்று மட்டும் தெரிந்தது. அடுத்த சுற்றில் சொல்லலாம். இன்னும் நேரம் இருக்கிறது. சட்டையை நீட்டினாள். டிக்.

வெளியே வந்ததும் கணவர் அவளைப் பார்த்தார். "என்ன ஆச்சு? தலைவலியா?"

"இல்லையே."

"காலையிலேருந்து ஒரு மாதிரியாவே இருக்க."

"நேத்து வேலை ஜாஸ்தி," என்றாள். அதில் பொய் இல்லை. அவர் தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு மணிக்கு நட்சத்திரம் காலைப் பிடித்துவிடச் சொல்லி உள்ளே போனவன் ஒரு மணி நேரம் வரவில்லை. கிளட்ச் மாமாவுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. மேஜைத் தொண்டரிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்து எண்ணிக்கையைத் தெரிந்துகொண்டு வந்தார். நட்சத்திரம் இருநூற்று எழுபத்தொன்று. முப்பத்தொன்றாம் நம்பர் இருநூற்று அறுபத்தாறு. "கொஞ்சம் வேகமா, கொஞ்சம் வேகமா" என்று எல்லாரையும் விரட்டினார். யாருடைய கால்மேலோ ஏறிவிட்டு மன்னிப்புக் கேட்கவும் மறந்தார்.

"மாமா, போதும்," என்றாள் அக்கா.

"என்னம்மா போதும்? அஞ்சு பேருதான் பாக்கி. அக்காவா இருந்துக்கிட்டு இப்படிச் சொல்ற. போ, போய் நில்லு."

போய் நின்றாள். இதை அவள் பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும். யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. போ என்றார்கள், போனாள். அவ்வளவுதான்.

மூன்றாம் சுற்றில், முன்னால் நாலு பேர் இருக்கும்போதே அவள் வாக்கியத்தைத் தயாராக வைத்துக்கொண்டாள். 'உன் நம்பரை வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்க. மேடைக்குப் போகாத.' ஏழே வார்த்தை. மூன்று பேர். இரண்டு பேர். ஒருவர். அவள் மேஜை முன்னால் வந்து நின்றதும், விளம்பரப் பிரிவுப் பெண் காதில் ஒயரோடு அந்தப் பக்கமிருந்து ஓடிவந்தாள்.

"சார், நீங்கதான். முன்னூத்தி ரெண்டு. எந்திரிங்க, மேடைக்குப் போகணும்."

"நானா?" என்றான் தம்பி.

வரிசையில் ஒன்பது பேரில் எட்டுப் பேர் கைதட்டினார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள். தம்பி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"தம்பி, ஒரு நிமிஷம் நில்லு," என்றாள் அக்கா.

"வந்துடறேன்க்கா. வந்து போட்டுத் தர்றேன்." அவளுடைய கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான்.

கத்தியிருக்கலாம். பத்தடி தூரம்தான். கயிற்றைத் தாண்டி ஓடியிருக்கலாம். அந்த ஏழு வார்த்தையும் வாயில்தான் இருந்தன. வாய் திறக்கவில்லை. அவன் படியேறுவதைக் கடைசிப் படிவரை பார்த்தாள்.

மற்ற எட்டுப் பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு மேடைக்கு நேர் எதிரே இருந்த படிக்கட்டு இருக்கைகளில் இடம் பிடித்திருந்தார்கள். அம்மா பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "அதோ நிக்கறானே, நான் பெத்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அப்பாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

மேடையில் பெட்டியைத் தம்பியின் கையில் கொடுத்தார்கள். அறிவிப்பாளர் ஏதேதோ சொன்னார். தம்பி மூடியைத் திறந்து, சட்டையைத் தோள்பக்கமாகப் பிடித்துத் தூக்கினான். முதுகுப்புறம் அவன் பக்கமாக இருந்தது. மேடைக்கு மேலே இருந்த பெரிய திரையில் அவன் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, எடுக்க ஆள் வராததால் விட்டுவைத்த சாமான்போல. இரண்டு விநாடி, மூன்று விநாடி. பிறகு, அறிவிப்பாளர் ஏதோ சைகை காட்ட, சட்டையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக் காட்டினான்.

"நம்ம நம்பரு," என்றாள் அம்மா. கண்ணாடி போடாத கண்ணுக்கு அவ்வளவுதான் தெரிந்தது. "நம்ம நம்பருக்குத்தான் மரியாதை பண்றாங்க, பாரு." கை வலிக்கத் தட்டினாள்.

கிளட்ச் மாமாவின் கைத்தட்டல் மெதுவானது, பிறகு நின்றது. மாமி மேலே இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தாள். "இது யாரு பேரு?" என்று கேட்டாள். உள்ளேயிருந்து பத்தொன்பது இருபது வயதில் ஒரு பையன் கூச்சத்தோடு ஓடிவந்தான். அவன்மேல் என்ன தப்பு? தம்பி அவனுக்குச் சட்டையைக் கொடுத்தான், கை குலுக்கினான், தோளைத் தட்டி அவன் காதில் ஏதோ சொன்னான். பையன் தலையை ஆட்டினான். அம்மா மட்டும் இன்னும் தட்டிக்கொண்டிருந்தாள். மாமாவின் பெரிய பெண் மெல்ல அவள் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

அப்பா திரையைப் பார்த்தபடியே கேட்டார். "இதெல்லாம் உங்க கடையிலதானே அடிக்கறது?"

"ஆமாப்பா."

"எப்போ அடிச்ச?"

"நேத்து சாயங்காலம்."

அப்பா, ஒரு மீட்டரின் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டதுபோல் தலையை ஆட்டினார். பிறகு எழுந்து, படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்துக் கீழே இறங்கினார்.

ஆட்டக்காரர்கள் ஐந்து மணிவரை மேஜையில் இருப்பார்கள் என்று அறிவித்தார்கள். தம்பி உள்ளே போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஐந்து மணிவரை என்று தாளில் போட்டிருந்ததால் அவன் மேஜைக்கே வந்து உட்கார்ந்தான். வரிசையில் இப்போது ஆறேழு பேர்தான். அக்கா கடைசியில் போய் நின்றாள். யாரும் அவளை முன்னால் போகச் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

அவள் முறை வந்தது. அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நான்தான் அடிச்சேன்," என்றாள்.

"தெரியும். அங்க வேற யாரு இருக்கா?"

"நேத்து நீ போன் பண்ணப்பவே தெரியும்."

அவன் பேனாவை மேஜைமேல் வைத்தான். "காலையிலேருந்து மூணு தடவை என் முன்னாடி வந்து நின்னியே."

"நின்னேன்."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவன் குரல் இன்னும் தாழ்ந்துதான் போயிற்று.

"எனக்குச் சொல்லாதது பரவாயில்லக்கா. மேடையில ஏறித் தெரிஞ்சுக்கிட்டா என்ன, மேனேஜர் ரூம்ல தெரிஞ்சுக்கிட்டா என்ன. அப்பாவையாவது சுத்த விடாம நிறுத்தியிருக்கலாம்ல."

அவள் அங்கேயே நின்றாள்.

"நகரும்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "ஆள் நிக்கறாங்க."

அப்பா. எப்போது வந்து அவளுக்குப் பின்னால் சேர்ந்தார் என்று அவள் கவனிக்கவேயில்லை. நகர்ந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள். அப்பா மேஜை முன்னால் வந்து, சட்டையின் முன்பக்கத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் காட்டினார்.

"இங்க போடுப்பா."

"எங்கப்பா போடறது? இடமே இல்ல. பதிமூணு போட்டாச்சு."

"பாரு. எங்கயாவது இருக்கும்."

தம்பி எழுந்து, மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தான். அப்பாவின் தோளைப் பிடித்து மெல்லத் திருப்பி நிறுத்தி, முதுகில் தன் பெயருக்கும் நம்பருக்கும் நடுவில் பேனாவை வைத்தான்.

அப்பாவின் முகம் இப்போது அக்காவின் பக்கம் இருந்தது. மகனால் பார்க்க முடியாத பக்கம். அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவர் அங்கே விட்டுவிட்டார். சத்தமில்லாமல், வாயைத் திறந்துகொண்டு, அவளை நேராகப் பார்த்தபடி அழுதார். அக்காவுக்கு நேற்றிலிருந்து வராதது அப்போது வந்தது. கண்ணை மறைத்தது.

"அசையாம நில்லுங்கப்பா," என்றான் தம்பி பின்னாலிருந்து. "கோணலாப் போகுது."

அப்பா அசையாமல் நிற்கப் பார்த்தார்.